பிஸ்கட் டப்பாவில் ஒரு வால்வு

ஸ்கார்பரோ
5 அக்டோபர் 1986

ஹரால்ட்,

என் ஆறு மாதத்துக்கு நம் காரை எடுத்து வந்துவிட்டேன். சாவி எப்போதும்போல ‘மூன்று லாடம்’ பப்பில் மோரீனின் நாய்ப் படத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நீ முந்தின நாளே வந்து, வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாயாம். கார் கைமாறும் நாளில் நாம் இருவரும் அங்கே உட்கார்ந்து, மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட மோரீனின் ‘பை’ சாப்பிடாதது இதுதான் முதல் தடவை. “ரெண்டு பேருக்கும் எடுத்து வைக்கவா?” என்றாள் மோரீன். எனக்கு மட்டும் போதும் என்றேன். “சரிதான், அறுபது வயசுப் பசங்க” என்று முனகிவிட்டுப் போனாள்.

ஜூலையில் பழைய கார்க் கண்காட்சியில் நீ அந்த நடுவரிடம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. எஞ்சினில் நான் போட்ட ஓட்டையைக் காட்டி, “அது என் கூட்டாளி வேலை, நான் வீட்ல இல்லாதப்ப திருடன் புகுந்த மாதிரி” என்றாய். சுற்றி நின்ற கிளப்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் ரயிலில் வீடு வந்து சேர்ந்தேன்.

அதை விடு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜீனை அவள் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மழை. கூரையைப் போட்டு ஜன்னலை மூடியிருந்தோம். மால்டனில் சாலை வேலை, சிவப்பு விளக்கு, நீண்ட வரிசை. ஜீன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “டெரெக், ஏதோ எண்ணெய் கருகுதுங்க” என்றாள். வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது.

பானெட்டைத் திறந்து பார்த்தால் என் வால்வைக் காணோம்! பழைய திறந்த குழாய் பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் போட்ட ஓட்டையில் பளபளவென்று ஒரு பித்தளை அடைப்பு. வால்வு டிக்கியில், பிஸ்கட் டப்பாவில், செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. ஏதோ செத்த குருவியைப் பொதிந்து வைத்த மாதிரி.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிலிண்டரில் வெடிக்கிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக வழி வேண்டும். தொழிற்சாலைக்காரன் ஒரு குழாயை மாட்டி, தரைக்கு நேராக விட்டான். ஓடும்போது காற்று அந்தப் புகையை இழுத்துக்கொண்டு போகும். நிற்கும்போது? காலடிப் பலகை இடுக்கு வழியே நேராக நம் மூக்குக்கு வரும். என் வால்வு அதே புகையை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி இழுத்து எரித்துவிடும். இதில் உனக்கு என்ன கசக்கிறது?

வால்வைத் திரும்ப மாட்டிவிட்டேன். குழாய் இப்போது டப்பாவில்.

டெரெக்


ஹெரஃபோர்ட்
14 அக்டோபர் 1986

அன்புள்ள திரு. ஆஸ்க்யூ,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நம் கார் ஆலிவ் 1959-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு என்ன மூச்சுக்குழாய் இருந்ததோ, அதைத்தான் நான் மாட்டினேன். அதை வரைந்த மனிதர் நம் இருவரையும்விட எஞ்சின் அறிந்தவர். நின்றால் குழாய் இழுக்காது என்பது எனக்கும் தெரியும். நிறுத்தி வைத்துக்கொள்ளவா நாம் கார் வாங்கினோம்?

எனக்கு ஒரு நாளும் வாடை வந்ததில்லை. நான் கூரையைத் திறந்துதான் ஓட்டுகிறேன். குளிர்காலம் உங்கள் பங்காக அமைந்தது என் குற்றமல்ல. உங்களிடம் ஒழுகாத கொட்டகை இருக்கிறது, என்னுடையது சல்லடை. அதனால்தான் ஏப்ரல் முதல் எனக்கு, அக்டோபர் முதல் உங்களுக்கு என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

நீங்கள் துளைத்த அந்த ஓட்டையைப் பற்றி. வாழ்நாள் முழுக்கத் தேவாலயங்களில் ஆர்கன் என்னும் குழாய் வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்தவன் நான். இருநூறு வயதுக் குழாய்களில் கை வைத்திருக்கிறேன். எதிலும் ஒரு புது ஓட்டை போட்டதில்லை. நீங்களோ வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்களின் தப்புகளைக் குறித்தவர். உங்கள் தப்பை யாராவது குறித்தால் மட்டும் பொறுக்காது.

ஜீனின் தலைவலிக்கு வருந்துகிறேன்.

எச். ப்ளம்ப்ட்ரீ


ஸ்கார்பரோ
30 மார்ச் 1987

ஹரால்ட்,

“திரு. ஆஸ்க்யூ”வா! ராணுவத்தில் ஒரே கூடாரத்தில், ஒரே போர்வையில் தூங்கியவனுக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. வைத்துக்கொள். நான் உன்னை நீ என்றுதான் கூப்பிடுவேன், காது கூசினால் மூடிக்கொள்.

நாளைக்கு ஆலிவை மோரீனிடம் விட்டுவிடுவேன். குளிர்காலம் முழுக்க ஜீனுக்கு ஒரு நாள்கூடத் தலைவலி இல்லை. கொட்டகைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கேட்டுக்கொள், இந்த முறை நீ அந்த வால்வைக் கழற்றினால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஆறு மாதம் நீ கழற்றுவது, ஆறு மாதம் நான் மாட்டுவது என்று எத்தனை காலத்துக்கு? போல்ட் மரையெல்லாம் வழுக்கத் தொடங்கிவிட்டது. கழற்றினால் காரை விற்றுவிடுவோம். உனக்கு உன் பாதி, எனக்கு என் பாதி. நம் சகவாசத்துக்கும் ஒரு முடிவு.

டெரெக்


ஹெரஃபோர்ட்
29 செப்டம்பர் 1987

அன்புள்ள திரு. ஆஸ்க்யூ,

வால்வு டப்பாவில் இருக்கிறது. டப்பாவை நூலால் கட்டியிருக்கிறேன், பாதையில் உருண்டு சத்தம் போடாமல் இருக்க.

விற்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. கிளப் இதழில் விளம்பரம் கொடுத்துவிட்டேன். குளிர்காலத்தில் கார் உங்களிடம் இருப்பதால், பார்க்க வருபவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வரும் வசந்தத்துக்குள் ஆலிவ் வேறு யாருடையதாகவோ ஆகிவிடுவாள். நீங்கள் கேட்டது அதுதானே.

மோரீன் இப்போதெல்லாம் வாயைத் திறக்காமலே பேசுகிறாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடமும் அப்படித்தானா?

எச். ப்ளம்ப்ட்ரீ


ஸ்கார்பரோ
25 அக்டோபர் 1987

ஹரால்ட்,

மோரீன் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். தேவைக்கு மேலேயே பேசுகிறாள்.

ஆலிவைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவன் லீட்ஸ் பையன், தோல் ஜாக்கெட், வாயில் பபிள்கம். பானெட்டைத் திறந்தவுடனே, “இந்த எஞ்சின தூக்கிக் கடாசிட்டுப் புதுசு ஒண்ணு போட்டுட்டா சும்மா பறக்கும்ல?” என்றான். “பறக்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போ தம்பி, பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம்” என்று வழி காட்டி அனுப்பினேன்.

இரண்டாமவர் பெரிய மனிதர். கையுறையைக் கழற்றாமலே காரைச் சுற்றி வந்தார். உன் திறந்த குழாயைக் குனிந்து பார்த்து, “அடடா, அசல்!” என்று உருகினார். எப்போதாவது ஓட்டுவீர்களா என்று கேட்டேன். “ஓட்றதா? கண்ணாடிக் கொட்டகை கட்டி வெச்சிருக்கேன். ஒரு சொட்டு பெட்ரோல் ஊத்த மாட்டேன்” என்றார். இவர் உன் ஜாதி என்று நினைத்தேன். பிறகு, இல்லை, ஹரால்ட் பிடிவாதக்காரன்தான், ஆனால் ஓட்டுகிறவன் என்று தோன்றியது. கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஜீன் சமையலறையில் நின்று சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை.

ஆக, இன்னும் விற்கவில்லை. நல்ல ஆள் வரட்டும், விற்கலாம்.

வால்வை இந்த வாரம் மாட்டிவிடுவேன். போன வாரமே செய்திருக்க வேண்டியது. வலது கை விரல்கள் கொஞ்சம் மரத்துக் கிடக்கின்றன, ஸ்பானர் நழுவுகிறது. குளிர்தான், வேறென்ன.

டெரெக்


‘மூன்று லாடம்’, பிற்பகல்
2 ஏப்ரல் 1988

அன்புள்ள திரு. ஆஸ்க்யூ,

இதை பப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவியை வாங்கி, வாசலில் நின்ற ஆலிவின் பானெட்டைத் திறந்தேன். என் குழாய் அப்படியே இருக்கிறது! குளிர்காலம் முழுக்க நீங்கள் கை வைக்கவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. பரவாயில்லை. இவ்வளவு காலம் கழித்தாவது அசல்தான் சரி என்று புரிந்ததே, அதுவே போதும். இந்த முறை இறைச்சிப் பையை நான் மிகவும் ருசித்துச் சாப்பிட்டேன்.

எச். ப்ளம்ப்ட்ரீ


ஹெரஃபோர்ட்
3 ஏப்ரல் 1988

டெரெக்,

நேற்று நான் அனுப்பிய கடிதத்தைப் படிக்காதே. படித்திருந்தால் அடுப்பில் போடு.

அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை ஒரு சாண் முன்னால் தள்ளியிருந்தது. உன் கால் என் காலைவிட நீளம். அந்த இருக்கையில் நீ உட்கார்ந்திருக்க முடியாது. இறங்கி டிக்கியைத் திறந்தேன். பிஸ்கட் டப்பாவில் நான் கட்டிய நூல், நான் போட்ட அதே முடிச்சு. நீ அதைத் தொடவே இல்லை. வேண்டாம் என்று விட்டிருந்தால்கூட, திறந்து பார்த்து என்னைத் திட்டி ஒரு துண்டுச் சீட்டாவது உள்ளே போட்டிருப்பாய்.

உள்ளே போய் மோரீனிடம் கேட்டேன். “சாவி குடுக்கறப்பவே சொன்னேனே! ரெண்டு தடவ சொன்னேன். நீங்கதான் தலைய தலைய ஆட்டினீங்க. அவரு சம்சாரம்தான் ஓட்டிட்டு வந்தாங்க. அவருக்கு முடியலையாம்” என்றாள். எப்படி முடியவில்லை, எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஜீன் அழுதாளா என்று கேட்டேன். ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம்.

என்ன ஆயிற்று உனக்கு? ஒரு வரியாவது எழுது. ராத்திரி தூக்கமே இல்லை.

ஹரால்ட்


ஸ்கார்பரோ
12 ஏப்ரல் 1988

ஹரால்ட்,

நான் சொல்லச் சொல்ல ஜீன் தட்டச்சு அடிக்கிறாள். வசவுகளை அடிக்க மாட்டேன் என்கிறாள். அந்த இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறாள், நீயே நிரப்பிக்கொள்.

நீ ஒரு            . உன் முதல் கடிதம்தான் முதலில் வந்தது. பையை ருசித்துச் சாப்பிட்டாயாமே.

நவம்பரில் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தபோது ரேஸர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், நானும் விழுந்தேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. கை வரவில்லை. பேச்சு ஒரு மாதம் குழறியது. ஜீனுக்கு அந்த மாதம்தான் நிம்மதியாக இருந்ததாம். இதை அவளே சேர்த்து அடிக்கிறாள்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். என்ன எழுத? “திரு. ப்ளம்ப்ட்ரீ, எனக்கு வாதம் வந்துவிட்டது, தங்கள் பணிவுள்ள” என்றா?

ஜீன்தான் காரை ஓட்டுகிறாள். பப்பில் விடப் போவதற்கு முன்னால் இங்கே கொஞ்சம் பழகினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தப்பு செய்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. ஆனால் உன் குழாய்ப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வால்வை மாட்ட எனக்கு ஒரு கை போதாது. வேறு ஆளை விட்டு மாட்ட மனமில்லை.

ஆகவே கேள். என் பாதியை நீயே எடுத்துக்கொள். அக்டோபரில் மோரீனிடம் சாவி விடவேண்டாம், எடுக்க நான் வரமாட்டேன். குழாயை உன் இஷ்டப்படி வைத்துக்கொள். நீ ஜெயித்தாய்.

டெரெக்


ஹெரஃபோர்ட்
20 ஏப்ரல் 1988

டெரெக்,

பாதி பாதிதான். உன் பாதியை நான் வாங்கிக்கொள்வதாக இல்லை. இதைப் பற்றி மறுபடி எழுதாதே, பதில் போடமாட்டேன்.

ஜெயித்தது பற்றியும் பேசாதே.

ஹரால்ட்


உன் வீட்டு வாசல், ஸ்கார்பரோ
1 அக்டோபர் 1988, சனிக்கிழமை

டெரெக்,

ஆலிவ் உன் வீட்டுப் பாதையில் நிற்கிறாள். சாவி கடிதத் துளை வழியாக உள்ளே விழுந்திருக்கும், இந்தக் கடிதமும் அதோடுதான். மோரீனுக்குச் சொல்லிவிட்டேன், இனி நம் கைமாற்றம் அவள் வாசலில் இல்லை என்று. கொஞ்சம் கோபித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

வால்வு மாட்டியிருக்கிறது. இதை நான் விட்டுக்கொடுத்ததாக நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூன் மாதம் மழையில் கூரையைப் போட்டுக்கொண்டு பாலத்தடியில் வரிசையில் நின்றேன். வாடை தெரிந்தது. அதற்கு மேல் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து, வால்வை முழுக்கப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, பூட்டி மாட்டினேன். இரண்டு தடவை அதைக் கழற்றியிருக்கிறேனே தவிர, ஒரு தடவையும் மாட்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் ஊற்றும் வாய்க்குத் துளையுள்ள மூடியையும் போட்டிருக்கிறேன், காற்று உள்ளே போக. துளையில்லாத மூடியை விட்டுவிட்டால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டியதில்லை.

ஜூலைக் கண்காட்சிக்கு அப்படியே கொண்டுபோனேன். அதே நடுவர். குனிந்து பார்த்து, “அசலுக்கு மாறா இருக்கே, யார் வேலை இது?” என்றார். மூன்று முறை கேட்டிருக்கிறார் போல. சுற்றிலும் அதே கூட்டம். “நாங்க ரெண்டு பேரும்” என்றேன். மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைக்கட்டும்.

உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நீ தூங்குகிற நேரமாக இருக்கும். எழுப்ப வேண்டாம் என்று பஸ்ஸுக்குப் போகிறேன். ஏப்ரலில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஹரால்ட்


ஸ்கார்பரோ
2 அக்டோபர் 1988

ஹரால்ட்,

மறுபடி ஜீன்தான் அடிக்கிறாள். இந்த முறை வசவுகளையும் அடிக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அதனால் நேராகவே சொல்கிறேன், நீ ஒரு வடிகட்டின மடையன்.

நான் தூங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ கடற்கரைத் தெரு முனையில் திரும்பும்போதே ஆலிவ் ‘வீ’ என்று விசிலடித்துக்கொண்டு வருவது கேட்டது, கொதிக்கிற கெட்டில் மாதிரி. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. ஜீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடி வந்து, “ஏங்க, காருக்கு என்ன ஆச்சு?” என்றாள். நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் அவளை விட்டுப் பானெட்டைத் திறக்கச் சொல்லி, சமையலறை நாற்காலியைப் பாதையில் போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் காட்டிக் காட்டி வால்வைப் பிரிக்க வைத்தேன். நினைத்தது சரி. உள்ளே இருக்கிற ரப்பர் வட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய். அதுதான் காற்றை ஏகத்துக்கும் இழுத்து ஊளையிடுகிறது. மூடி சரி. மற்றதெல்லாம் சரி. வட்டு மட்டும் தலைகீழ்.

ஜீன் அதைத் திருப்பிப் போடுகிறேன் என்றாள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். போட்டவன் வந்து திருப்பட்டும்.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வாழ்நாளெல்லாம் ஆர்கன் குழாய்க்குச் சுருதி சேர்த்தவன் நீ. ஜூனிலிருந்து நான்கு மாதம், கண்காட்சிக்குப் போய் வந்து, ஹெரஃபோர்டிலிருந்து இங்கே வரை அந்த விசிலோடு ஓட்டியிருக்கிறாய். உனக்குக் கேட்கவில்லை. மோரீன் முணுமுணுக்கிறாள், நடுவர் மூன்று முறை கேட்டார் என்றெல்லாம் எழுதினாய். எனக்கு முடியவில்லை என்றதும், ஒரு வரியாவது எழுது என்று எவ்வளவு பதறினாய். உன் காது போனதை நீ எனக்கு ஒரு வரி எழுதினாயா? ஆர்கனை எப்போது விட்டாய்? யாரிடம் சொன்னாய்? யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

சரி. நேற்று என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நீ காரை விட்டு இறங்கினாய். தொப்பியைச் சரிசெய்தாய். வாசல் மணிக்கு நேராகக் கையைத் தூக்கினாய், தூக்கிய கையை இறக்கினாய். மறுபடி தூக்கினாய். அப்புறம் சாவியையும் கடிதத்தையும் போட்டுவிட்டு நடந்தாய். நான் ஜன்னலைத் தட்டினேன், இடது கையால், கண்ணாடி உடைகிற மாதிரி. நீ திரும்பவே இல்லை. ஜீன் போய்க் கதவைத் திறப்பதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டாய். கோபம் என்று ஒரு மணிநேரம் உன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜீன்தான், “அவருக்குக் கேட்டிருக்காதுங்க” என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வா. ஜீன் பை செய்கிறாள், மோரீன் செய்வதைவிட நன்றாக இருக்கும். ஸ்பானர் பிடிக்க உன் கை, சத்தம் கேட்க என் காது. வட்டை நாம் இருவருமாகத் திருப்பிப் போடுவோம்.

வந்து மணியை அடி. உனக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்கும். இந்த முறையும் அடிக்காமல் போனாயானால், ஜீனிடம் சொல்லி உன் அசல் குழாயையே எடுத்து மாட்டச் சொல்லிவிடுவேன், ஜாக்கிரதை.

டெரெக்